புகுந்த வீடும் குடியிருப்பு உரிமையும்: குடும்ப வன்முறைச் சட்டம், 2005 – ஒரு மறுபார்வை

ஆய்வுச் சுருக்கம்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 வழங்கும் தீர்வுகளுள் தனித்தன்மை வாய்ந்தது குடியிருப்பு உரிமை. வீடு எவர் பெயரில் இருப்பினும், குடும்ப உறவில் அவ்வீட்டில் வாழ்ந்த பெண்ணை அங்கிருந்து வெளியேற்றலாகாது என்பது அதன் சாரம். இவ்வுரிமை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் முதலில் சுருங்கிப் பின்னர் விரிந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தீர்ப்புகளில் விரிந்த உரிமை நடைமுறையில் தடைபடும் இடங்களையும் ஆராய்கிறது. குடியிருப்பு ஆணையை மீறுதல் தனிக்குற்றமாக வரையறுக்கப்படாமை, மூத்த குடிமக்கள் சட்டத்தின் வழி நிகழும் வெளியேற்றம், வாடகை வீட்டின் நிலை, பாதுகாப்பு அலுவலரின் தொலைவு ஆகியன ஈண்டு முதன்மையாகக் கருதப்படுகின்றன. சட்டத்திலும் விதிகளிலும் செய்யத்தக்க திருத்தங்கள் அந்தந்த இடத்திலேயே சுட்டப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: குடும்ப வன்முறை, பகிர்ந்த குடியிருப்பு, குடியிருப்பு ஆணை, பாதுகாப்பு அலுவலர், மூத்த குடிமக்கள் சட்டம்.

முன்னுரை

மனைவியைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களுள் பல, வீட்டை அடியாகக் கொண்டு பிறந்தவை. இல்லாள், மனைவி, மனையாள், மனையாட்டி, இல்லக்கிழத்தி என அவை நீளும். இல்லாள் என்பதற்கு நேரான ஆண்பாற் சொல்லாக ‘இல்லான்’ வழங்கவில்லை. அச்சொல்லுக்குப் பொருளற்றவன் என்பதே பொருள். ஆயினும், வீட்டால் பெயர் பெற்ற பெண்ணுக்கு வீடு உடைமையானதில்லை. ‘பிறந்த வீடு’ அவள் நீங்கி வந்த இடம். ‘புகுந்த வீடு’ பிறர்க்கு உரிய இடம். இவ்விரு தொடர்களிலும் வீட்டின் உரிமையாளர் எவர் என்பது சொல்லப்படாமலே விளங்கிவிடுகிறது. கணவனைப் பிரிந்து பெற்றோரிடம் திரும்பியவளுக்கென ‘வாழாவெட்டி’ என்றொரு சொல்லையும் வழக்கு வைத்திருக்கிறது. அவ்வாறு திரும்பிய ஆணுக்குச் சொல் இல்லை. அவன் எங்கிருந்தும் திரும்ப வேண்டிய தேவை எழவில்லை.

இம்மொழிப் பின்னணியை நினைவில் கொண்டு நோக்கினால், குடும்ப வன்முறை பற்றிய உரையாடலில் வீடு வகிக்கும் இடம் தெளிவாகும். ‘வெளியே போ’ என்பது பல குடும்பங்களில் அடியோடு சேர்ந்து வரும் சொல். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21), திருமணமான 18 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் கணவனின் வன்முறைக்கு என்றேனும் ஆளானோர் இந்திய அளவில் 29.3 விழுக்காட்டினர், தமிழ்நாட்டில் 38.1 விழுக்காட்டினர். கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் முன்னிற்கும் மாநிலம் இவ்வரிசையில் இந்திய சராசரியைத் தாண்டி நிற்பது ஆய்வாளர் பலரும் கடந்து செல்லும் செய்தி. அதே ஆய்வு தரும் மற்றொரு தரவு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்களுள் உதவி நாடியோர் 14 விழுக்காட்டினரே. 77 விழுக்காட்டினர் உதவி நாடவும் இல்லை. எவரிடமும் சொல்லவும் இல்லை. இம்மௌனத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். புகார் கொடுத்த அன்றிரவு எங்கே உறங்குவது என்னும் வினா அவற்றுள் முதன்மையானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அவ்வினாவுக்குச் சட்டம் தரும் விடையே குடியிருப்பு உரிமை.

இரு வீடுகள், இரு சட்டங்கள்

2005 செப்டம்பர் மாதத்தில், சில நாள் இடைவெளியில், பெண்ணையும் வீட்டையும் பற்றிய இரு சட்டங்கள் உருப்பெற்றன. இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. குடும்ப வன்முறைச் சட்டம் செப்டம்பர் 13 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. முன்னது பிறந்த வீட்டைப் பற்றியது. மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்குரிமையை மூதாதையர் சொத்தில் வழங்கியது. தமிழ்நாடு இதனை 1989ஆம் ஆண்டிலேயே மாநிலத் திருத்தத்தின் வழி செய்திருந்தது. எனினும், அத்திருத்தம் நடைமுறைக்கு வருமுன் மணமாகிச் சென்ற மகளிரை அது விலக்கியிருந்தது. பின்னது புகுந்த வீட்டைப் பற்றியது. சமய வேறுபாடின்றி எல்லாப் பெண்களுக்கும் பொருந்துவது.

இரண்டும் தரும் உரிமைகள் ஒரே தன்மையன அல்ல. பிறந்த வீட்டில் சட்டம் தந்தது உடைமை. புகுந்த வீட்டில் தந்தது இருப்பதற்கான உரிமை மட்டுமே. இவ்வேறுபாடு சட்டத்தை இயற்றியோர் அறிந்தே செய்தது. உடைமையை மாற்றாமல் பாதுகாப்பை மட்டும் உறுதிசெய்வது அவர்தம் நோக்கம். 17ஆம் பிரிவின் சொற்கள் இதனை ஐயமின்றிக் காட்டுகின்றன: சொத்தில் உரிமையோ பயனோ தனக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடும்ப உறவிலுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் பகிர்ந்த குடியிருப்பில் வாழும் உரிமை உண்டு, சட்டம் வகுத்த நடைமுறையின்படியன்றி எதிர்மனுதாரர் அவளை அங்கிருந்து வெளியேற்ற இயலாது.

2005க்கு முன்னர் இருந்த சட்டங்கள் இவ்விடத்தைத் தொடவில்லை. 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498-அ பிரிவு கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமையைக் குற்றமாக்கியது (2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள்). குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு வாழ்க்கைப் பொருளுதவி தந்தது (இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு). ஒன்று கணவனைச் சிறைக்கு அனுப்பும். மற்றொன்று மாதந்தோறும் பணம் பெற்றுத் தரும். பூட்டிய கதவைத் திறந்து அவளை உள்ளே அனுப்பும் வழி இரண்டிலும் இல்லை. 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் 19ஆம் பிரிவின் வழி அதனைச் செய்ய முற்பட்டது. பெண்ணின் இருப்பைக் குலைக்கலாகாது எனத் தடை விதித்தல், எதிர்மனுதாரரையே வீட்டைவிட்டு நீங்கப் பணித்தல், அவள் வாழும் பகுதிக்குள் நுழையத் தடுத்தல், வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ கூடாதெனக் கட்டுப்படுத்தல், அதே தரத்தில் மாற்று வீடோ அதற்கான வாடகையோ அளிக்கச் செய்தல் ஆகியன அப்பிரிவில் அடங்கும்.

ஐம்பது நாளில் சுருங்கிய உரிமை

சட்டம் நடைமுறைக்கு வந்து ஐம்பது நாளே ஆகியிருந்த நிலையில், 2006 டிசம்பர் 15 அன்று, எஸ்.ஆர். பத்ரா எதிர் தருணா பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. வழக்குக்குரிய வீடு மாமியாரின் பெயரில் இருந்தது. பகிர்ந்த குடியிருப்பு என்பது கணவனுக்குச் சொந்தமான வீடு, கணவன் வாடகைக்கு எடுத்த வீடு, கணவன் உறுப்பினனாக உள்ள கூட்டுக்குடும்பத்தின் வீடு ஆகியவற்றை மட்டுமே குறிக்கும் என அமர்வு கூறியது. 2(எஸ்) பிரிவின் வரையறை செம்மையாக எழுதப்படவில்லை என்றும், அதனை விரித்துப் பொருள் கொண்டால் கணவனின் எல்லா உறவினர் வீடுகளிலும் மனைவி உரிமை கோரும் குழப்பம் விளையும் என்றும் காரணம் காட்டியது.

அவ்வச்சத்தை முற்றிலும் ஆதாரமற்றது எனத் தள்ளிவிட இயலாது. ஆயினும், அத்தீர்ப்பின் விளைவு பெரிது. நம் சூழலில் இளம் தம்பதியர் வாழும் வீடு பெரும்பாலும் மாமனாரின் அல்லது மாமியாரின் தன்சம்பாத்தியச் சொத்து. ‘கூட்டுக்குடும்பச் சொத்து’ என்னும் சட்டத் தொடருக்கும், மக்கள் ‘கூட்டுக் குடும்பம்’ என்று வழங்குவதற்கும் உள்ள இடைவெளியில் எண்ணற்ற மனுக்கள் தள்ளுபடியாயின. வழக்கு வருமென அறிந்த குடும்பம் மகனைச் சொத்திலிருந்து விலக்குவதாக நாளிதழில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு மருமகள்மீது உரிமையியல் வழக்குத் தொடர்வதும் இக்காலத்தில் ஓர் உத்தியாக வளர்ந்தது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2020 அக்டோபர் 15 அன்று, சதீஷ் சந்தர் அஹுஜா எதிர் சினேகா அஹுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு பத்ரா தீர்ப்பு சரியான சட்டமன்று என அறிவித்தது. இவ்வழக்கின் வீடு மாமனாருக்கு உரியது. உறவினருக்குச் சொந்தமான வீடாயினும், பெண் அங்குக் குடும்ப உறவில் ஓரளவு நிலைத்த தன்மையுடன் வாழ்ந்திருப்பின் அது பகிர்ந்த குடியிருப்பே என அமர்வு விளக்கியது. விருந்தினராகச் சில நாள் தங்கிய வீடு இதில் சேராது. பத்ரா தீர்ப்பு அஞ்சிய குழப்பத்துக்கு ‘நிலைத்த தன்மை’ என்னும் அளவுகோலே போதிய தடை. வரையறையை வெட்டாமலே அதனைச் செய்ய முடிந்திருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

பின்வந்த தீர்ப்புகள் இன்னும் முன் சென்றன. 2022 மே 12 அன்று வந்த பிரபா தியாகி வழக்கு கணவனை இழந்த ஒரு பெண்ணுடையது. அவ்வழக்கில், பெண் அவ்வீட்டில் உண்மையில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பதுகூடக் கட்டாயமன்று எனவும், குடும்ப உறவின் வழி வாழும் உரிமை இருந்தாலே போதும் எனவும் உச்ச நீதிமன்றம் கூறியது. மணமாகி வந்தவுடன் வாயிலிலேயே தடுக்கப்பட்ட பெண்ணுக்கும் இத்தீர்ப்பு பொருந்தும். அதே ஆண்டு ஏப்ரல் 13 அன்று, சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன் வழக்கில், 12ஆம் பிரிவு மனுவுக்கு ஓராண்டுக் காலவரம்பு பொருந்தாது என முடிவாயிற்று. பிறந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் ‘சமாதானம் ஆகும்’ எனக் காத்திருந்து, பின்னரே நீதிமன்றப் படியேறும் பெண்களே நம்மிடையே மிகுதி. அவர்களுக்கு இத்தீர்ப்பு வழியடைக்காமல் காத்தது.

ஆணையை மீறினால்?

தீர்ப்புகளின் வழி உரிமை இவ்வாறு விரிந்தபின், ஆய்வாளர் கவனம் செல்ல வேண்டிய இடம் அவ்வுரிமையை நிறைவேற்றும் முறை. சட்டத்தின் மிகப்பெரிய இடைவெளி இங்கேதான் உள்ளது.

31ஆம் பிரிவின்படி, பாதுகாப்பு ஆணையையோ இடைக்காலப் பாதுகாப்பு ஆணையையோ மீறுவது குற்றம்; ஓராண்டு வரையிலான சிறையோ, 20,000 ரூபாய் வரையிலான அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 32ஆம் பிரிவு இக்குற்றத்தைப் பிணையில் விடத்தகாததாகவும், காவல்துறை ஆணையின்றிக் கைது செய்யத்தக்கதாகவும் ஆக்குகிறது. பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றையே கொண்டு குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாக முடிவு செய்யலாம் என்றும் கூறுகிறது. சட்டத்தின் பல் இது. ஆனால், ‘பாதுகாப்பு ஆணை’ என்பது 18ஆம் பிரிவின்கீழ் பிறப்பிக்கப்படுவதை மட்டுமே குறிக்கும். 19ஆம் பிரிவின் குடியிருப்பு ஆணை, 20ஆம் பிரிவின் பண நிவாரண ஆணை ஆகியன 31ஆம் பிரிவின் சொற்களுக்குள் வரவில்லை. பண நிவாரணம் பற்றி உயர்நீதிமன்றங்களிடையே மாறுபட்ட கருத்துகள் உள்ளன. வாழ்க்கைப் பொருளுதவி ஆணையை மீறுவது 31ஆம் பிரிவில் அடங்காது எனக் கேரள உயர்நீதிமன்றம் கூறியுள்ளது.

பணத்தைப் பொறுத்தவரை வேறு வழிகளேனும் உண்டு. 20(6) பிரிவின்படி கணவனின் முதலாளியிடமிருந்தே தொகையை நேரடியாகப் பெற நடுவர் ஆணையிடலாம். 2006ஆம் ஆண்டு விதிகளின் 6(5) விதி, இச்சட்டத்தின் ஆணைகளை 125ஆம் பிரிவின் ஆணைகளைப் போலவே நிறைவேற்றலாம் என்கிறது. ஆனால், 125ஆம் பிரிவின் முறை பணத்தை வசூலிப்பதற்கென்று அமைந்தது: பிடியாணை, சொத்துப் பற்றுகை, நிலுவைக்கேற்பச் சிறை. பூட்டிய வீட்டை அம்முறையில் எவ்வாறு வசூலிப்பது? குடியிருப்பு ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு, மாற்றப்பட்ட பூட்டின் முன் நிற்கும் பெண்ணுக்கு விதிகள் தரும் விடை தெளிவற்றது. 19(5), 19(7) பிரிவுகளின்படி காவல் நிலையப் பொறுப்பாளரின் உதவியை நடுவர் பணிக்கலாம். அதற்கு அவள் மீண்டும் ஒரு மனு கொடுக்க வேண்டும்; மீண்டும் ஒரு வாய்தாவுக்குக் காத்திருக்க வேண்டும்.

இன்றைய சட்டத்துக்குள்ளேயே ஒரு மாற்று வழி உண்டு. 18ஆம் பிரிவின் இறுதி உட்பிரிவு, ஆணையில் குறிப்பிடப்படும் வேறு எந்தச் செயலையும் தடுக்க நடுவருக்கு அதிகாரம் தருகிறது. வீட்டைவிட்டு வெளியேற்றுதல், பூட்டை மாற்றுதல், மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டித்தல் ஆகியவற்றை அவ்வுட்பிரிவின்கீழ் வெளிப்படையாகத் தடைசெய்யுமாறு மனுவிலேயே கோரினால், மீறல் 31ஆம் பிரிவுக்குள் வந்துவிடும். சட்ட உதவி மையங்களின் வழக்கறிஞர் இதனை அறிந்து மனு எழுதினால் பெண் தப்புவாள், அறியாவிட்டால் இல்லை. ஒரு பெண்ணின் பாதுகாப்பு மனு எழுதுபவரின் நுட்பத்தைச் சார்ந்திருப்பது நல்ல சட்டத்துக்கு அழகன்று. எனவே, 31ஆம் பிரிவில் ‘குடியிருப்பு ஆணை’ என்னும் சொல்லையும் சேர்ப்பதே நேரான திருத்தம். பண நிவாரண மீறலை அவ்வாறு சேர்ப்பதை இக்கட்டுரையாளர் பரிந்துரைக்கவில்லை. தர இயலாமையையும் தர மறுத்தலையும் ஒரே குற்றமாக்குவது கூலித் தொழிலாளர் குடும்பங்களில் எதிர்விளைவையே தரும்.

முதியோர் சட்டம் என்னும் மறுவாயில்

பத்ரா தீர்ப்பு சாத்திய வாயிலை அஹுஜா தீர்ப்பு திறந்தது. ஆனால், மற்றொரு வாயில் வழியே வெளியேற்றம் தொடர்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007இன்கீழ் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் சுருக்கமான விசாரணையில் முடிவெடுக்கும். மருமகளைத் தனியே வெளியேற்ற உரிமையியல் வழக்குத் தொடர்ந்தால் ஆண்டுகள் ஆகும். இங்கோ மாதங்களே போதும்.

எஸ். வனிதா எதிர் துணை ஆணையர், பெங்களூரு வழக்கின் நிகழ்வுகள் இதற்கு எடுத்துக்காட்டு. வீடு கணவனின் பெயரிலிருந்து அவன் தந்தைக்கும், தந்தையிடமிருந்து தாய்க்கும் மாறியது. பின்னர், மூத்த குடிமக்கள் என்னும் நிலையில் பெற்றோர் மருமகளை வெளியேற்றும் ஆணையைப் பெற்றனர். 2020 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. மூத்த குடிமக்கள் சட்டத்துக்கு மேலாண்மை விதி இருப்பினும், அது மருமகளின் குடியிருப்பு உரிமையை அழிக்கும் கருவியாகப் பயன்படலாகாது எனவும், இரு சட்டங்களையும் இணக்கமாகப் படிக்க வேண்டும் எனவும் விளக்கியது.

இங்கு உண்மையான மோதல் ஒன்று இருப்பதை மறைக்கத் தேவையில்லை. எழுபது வயதுப் பெற்றோர் தம் வாழ்நாள் உழைப்பில் கட்டிய வீட்டில், மகனுக்கும் மருமகளுக்கும் இடையிலான வழக்கின் நடுவே அமைதியின்றி வாழ வேண்டுமா என்னும் வினா நியாயமானது. அஹுஜா தீர்ப்பே குடியிருப்பு உரிமை முழுமுதலானதன்று என்கிறது. மாற்று வீடு தரும் 19(1)(எஃப்) உட்பிரிவைச் சுட்டுகிறது. மகன் செய்த வன்முறைக்கு மகனே மாற்று வீடு தரட்டும் என்பதே அவ்வுட்பிரிவின் நியாயம். ஆனால், கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மகன் பெரும்பாலும் எதிர்க்கட்சியாகப் பெயருக்கு நிற்கிறான். வெளியேறுபவள் மருமகள் ஒருத்தியே. எனவே, வெளியேற்ற ஆணை பிறப்பிக்குமுன் மூன்றைத் தீர்ப்பாயம் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும்: குடும்ப வன்முறை மனு நிலுவையில் உள்ளதா, சொத்து அண்மையில் கைமாறியுள்ளதா, மாற்றுக் குடியிருப்புக்கு மகன் ஏற்பாடு செய்துள்ளானா. மூத்த குடிமக்கள் சட்டத்தின் விதிகளை இயற்றும் அதிகாரம் மாநில அரசிடம் உள்ளது. நாடாளுமன்றத்தை எதிர்நோக்காமலே தமிழ்நாடு செய்யக்கூடிய திருத்தம் இது.

இதனோடு இணைத்து நோக்க வேண்டிய மற்றொரு முடிச்சும் உண்டு. 2016இல் ஹிரால் ஹர்சோரா வழக்கில் எதிர்மனுதாரரைக் குறித்த ‘வயது வந்த ஆண்’ என்னும் சொற்களை உச்ச நீதிமன்றம் நீக்கியது. மாமியாரையும் நாத்தனாரையும் எதிர்மனுதாரராக்கலாம் என்றாயிற்று. ஆனால், 19(1)(பி) உட்பிரிவின் வரம்புரை எந்தப் பெண்ணையும் வீட்டைவிட்டு நீங்கப் பணிக்கலாகாது என்கிறது. வரம்புரை நியாயமானதே, எனினும், வீட்டை மாமியாரின் பெயருக்கு மாற்றினால் பாதுகாப்பு என்னும் எண்ணம் இதனால் வலுப்பெறும். 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் பத்து இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைகிறது. வரவேற்கத்தக்க திட்டம்தான். அப்பெண் மனைவியா, தாயா என்று பதிவலுவலகம் கேட்பதில்லை. ஆகவே, மனு தாக்கலான நாளுக்குப் பின் நிகழும் எந்தக் கைமாற்றமும் பெண்ணின் குடியிருப்பு உரிமையைக் கட்டுப்படுத்தாது என 17ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்த்தல் நன்று. இன்றைய நிலையில், நடுவர் தடையாணை தந்த பின்னரே கைமாற்றம் தடுக்கப்படுகிறது. மனுவுக்கும் ஆணைக்கும் இடைப்பட்ட நாள்கள் பத்திரம் எழுதப் போதுமானவை.

வாடகை வீடும் தோட்டக் குடியிருப்பும்

மேற்கண்ட வழக்குகள் அனைத்தும் சொந்த வீடு உள்ள குடும்பங்களுடையவை. உச்ச நீதிமன்றம் வரை செல்வதும் அத்தகைய வழக்குகளே. வாடகை வீட்டில் வாழும் பெண்ணின் சிக்கல் வேறு. வரையறையில் வாடகை வீடும் அடங்கும். 19(6) பிரிவின்படி வாடகையைச் செலுத்துமாறு கணவனைப் பணிக்கலாம். ஆனால், கணவன் வீட்டுக்காரரிடம் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஒப்பந்தத்தை முடித்துவிட்டால், வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தும் வழி இல்லை; அவர் குடும்ப உறவில் உள்ளவர் அல்லர். நடுவரின் அறிவிப்பு கிடைத்த நாள் முதல் ஒப்பந்தத்தைப் பெண்ணின் பெயரில் தொடர வீட்டுக்காரர் இசைய வேண்டும் என்னும் வகையில் விதி வகுக்கலாம்.

வால்பாறை போன்ற தேயிலைத் தோட்டப் பகுதிகளில் நிலை இன்னும் சிக்கலானது. நிருவாகம் அளிக்கும் லயன் வீடு வேலையோடு பிணைந்தது. கணவனின் பெயரில் ஒதுக்கப்பட்டிருந்தால், அவன் வேலையை விட்டு நீங்கும்போது வீடும் நீங்கும். அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மனைவி, தன் வேலையின் பெயரில் அவ்வொதுக்கீட்டைத் தொடரக் கோருவதற்கு எளிய நடைமுறை ஒன்றைத் தொழிலாளர் துறை வகுக்க வேண்டும்.

பாதுகாப்பு அலுவலரின் தொலைவு

வால்பாறையிலிருந்து கோவை நகரம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் சமூகநலத் துறையின்கீழ்ப் பாதுகாப்பு அலுவலர் மாவட்ட அளவில் இருக்கிறார். 9ஆம் பிரிவின்படி, குடும்ப நிகழ்வு அறிக்கையை உருவாக்குதல், சட்ட உதவியும் மருத்துவமும் தங்குமிடமும் கிடைக்கச் செய்தல் ஆகியன அவர் கடமை. 13ஆம் பிரிவின்படி, நீதிமன்ற அறிவிப்பை இரண்டு நாளுக்குள் எதிர்மனுதாரரிடம் சேர்ப்பித்தலும் அவரைச் சார்ந்தது. மனு கிடைத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளுக்குள் முடிவு என்னும் 12ஆம் பிரிவின் கால அட்டவணை முழுவதும் இந்த ஒருவரின் கால்களில் நிற்கிறது. ஒரு மாவட்டத்தின் எல்லாத் தாலுகாக்களுக்கும் அவர் ஒருவரே என்றால், அட்டவணை தாளில்தான் இருக்கும். 2025 மே மாதத்தில் ‘வீ தி விமன் ஆஃப் இந்தியா’ வழக்கில், மாவட்ட, தாலுகா அளவில் பாதுகாப்பு அலுவலர்களை ஆறு வாரத்துக்குள் நியமிக்குமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சட்டம் பிறந்து இருபதாம் ஆண்டில் இத்தகைய ஆணை தேவைப்பட்டதே நிலையை விளக்கும். ஏற்கெனவே உள்ள அலுவலருக்குக் கூடுதல் பொறுப்பாக இதனைச் சுமத்துவதை நியமனம் எனக் கொள்ள இயலாது. தாலுகா அளவில் முழுநேர அலுவலரே தேவை.

பெண்கள் முதலில் செல்வது பாதுகாப்பு அலுவலரிடம் அன்று. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கே. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் நிலையம் தொடங்கியது முதல் தமிழ்ப் பெண்களுக்கு அறிமுகமான வாயில் அது. அங்குப் புகாருக்கு மனு ஏற்பு ரசீது தந்து, இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவதே பெருவழக்கு. 5ஆம் பிரிவு காவல் அலுவலருக்கு ஒரு தெளிவான கடமையைத் தருகிறது: இச்சட்டத்தின்கீழ் ஆணை பெறும் உரிமை, பாதுகாப்பு அலுவலரின் சேவை, இலவசச் சட்ட உதவி ஆகியவற்றைப் பெண்ணுக்கு எடுத்துரைத்தல். சமரசத்தின் முடிவில் ‘அனுசரித்துப் போ’ என்று சொல்லி அதே வீட்டுக்கு அனுப்பும்போது, அவளிடம் நீதிமன்ற ஆணை எதுவும் இல்லை. மனு ஏற்பு ரசீதின் பின்புறத்தில் 5ஆம் பிரிவின் உரிமைகளையும் பாதுகாப்பு அலுவலரின் தொலைபேசி எண்ணையும் தமிழில் அச்சிடுதல் செலவற்ற சீர்திருத்தம்.

இறுதியாகப் படிவத்தைப் பற்றி. விதிகளோடு இணைந்த முதற்படிவமாகிய குடும்ப நிகழ்வு அறிக்கை, உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என வன்முறைகளை வகைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் நாளும் இடமும் கேட்கிறது. அலுவலரிடம் வரும் பெண் இவ்வகைகளில் பேசுவதில்லை. ‘சம்பளக் கவரைப் பிடுங்கிக்கொள்வார்’, ‘சோறு போடாதே என்று மாமியார் சொல்லிவிட்டார்’, ‘பையோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்’ என்றே சொல்வாள். இவற்றை உரிய கட்டத்தில் இடுபவர் அலுவலர். கதவைச் சாத்தியது எந்தக் கட்டத்துக்கு உரியது? உடலில் காயமில்லை, பணமும் போகவில்லை. 3ஆம் பிரிவின் விளக்கவுரை, பெண் தன் குடும்ப உறவின் வழி பயன்படுத்த உரிமையுள்ள வசதிகளைத் தடுப்பதைப் பொருளாதார வன்முறை என்கிறது. பகிர்ந்த குடியிருப்புக்குள் செல்ல விடாமையும் அதில் வெளிப்படையாக அடங்கும். அலுவலர் இதனை அறிந்திருப்பின் எழுதுவார். இல்லையேல், குடும்பத் தகராறில் கோபித்துக்கொண்டு தாய்வீடு சென்றாள் என அறிக்கை முடியும். அவ்வொரு வரியைக் காட்டியே, அவள் தானாக வெளியேறினாள் என எதிர்த்தரப்பு வாதிடும்.

படிவம் பகிர்ந்த குடியிருப்பின் முகவரியைக் கேட்கிறது. வீடு எவர் பெயரில் உள்ளது, எப்போதேனும் கைமாறியதா, வாடகையெனில் ஒப்பந்தம் எவருடையது, இன்று சாவி எவரிடம் உள்ளது, பெண் எந்த நாளில் எவ்வாறு வெளியேற நேர்ந்தது என்பவற்றைக் கேட்பதில்லை. இவ்வைந்து வினாக்களுக்கும் விடை முதல் நாளிலேயே எழுத்தில் வந்துவிட்டால், 23ஆம் பிரிவின்கீழ் எதிர்மனுதாரர் வருமுன்னரே இடைக்காலக் குடியிருப்பு ஆணை பிறப்பிக்க நடுவருக்குப் போதிய ஆதாரம் இருக்கும். விதிகளைத் திருத்தும் அதிகாரம் நடுவணரசுக்கு உரியது. நாடாளுமன்றத்தில் சட்டத்திருத்தம் தேவையில்லை. அதுவரையில், சமூகநலத் துறை தன் பாதுகாப்பு அலுவலர்களுக்கு ஒரு சுற்றறிக்கையின் வழி, இவ்வைந்து வினாக்களின் விடையைத் தனித்தாளில் எழுதி அறிக்கையோடு இணைக்குமாறு அறிவுறுத்தலாம்.